பாரதியார் கையில் எடுத்த கார்ட்டூன்

பாரதியாரைக் கவிஞராக எல்லோரும் அறிவோம். ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு அவர் செய்தது பத்திரிகைத் தொழில். அந்தத் தொழிலில் அவர் எடுத்த கூரான ஆயுதம் கார்ட்டூன்.

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-ல் பிறந்த அவர், 1904-ல் சென்னை 'சுதேசமித்திரன்' நாளிதழில் உதவி ஆசிரியரானார். அங்கே மொழிபெயர்ப்பு வேலைதான் அதிகம். மனதில் கொதித்ததை எழுத இடம் போதவில்லை. 1906 மே மாதம் பிறந்த 'இந்தியா' வார இதழ் அந்தக் குறையைத் தீர்த்தது. இதழைச் சிவப்புத் தாளில் அச்சிட்டு, அரசியல் கேலிச்சித்திரங்களையும் அதில் சேர்த்தார்.

எங்கிருந்து வந்தது?

இந்தக் கலை லண்டனில் வளர்ந்தது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் கில்ரே என்பவர் மன்னரையும் மந்திரிகளையும் கேலி செய்து படம் வரைந்தார். தனித் தாள்களாக விற்ற அந்தப் படங்களைக் காசில்லாதவர்கள் கடை ஜன்னலில் கூடி நின்று பார்த்துச் சிரித்தார்கள். 1841-ல் அங்கே 'பஞ்ச்' இதழ் தோன்றியது. அதைப் பார்த்து 1854-ல் நம் பம்பாயில் பார்சிகள் 'பார்சி பஞ்ச்' தொடங்கினார்கள். பின்னாளில் அதுவே 'ஹிந்தி பஞ்ச்' ஆயிற்று.

அன்று தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்ட காலம். படமோ எல்லோருக்கும் புரியும். பாரதியார் கருத்தைச் சொல்ல, ஓவியர் வரைந்தார். படத்துக்கு விளக்கமும் எழுதப்பட்டது. வெள்ளை அதிகாரிகளின் அடக்குமுறை மட்டுமல்ல, கெஞ்சிக் கேட்டுச் சுயராஜ்யம் வாங்கிவிடலாம் என்றிருந்த நம்மவர்களும் கேலிக்குத் தப்பவில்லை. 1907-ல் சூரத் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தபோது பாரதியார் அங்கே திலகர் பக்கம் நின்றவர்.

சிறை சென்றவர் யார்?

1908-ல் அடி விழுந்தது. ஜூலையில் பம்பாய் ஹைகோர்ட் திலகருக்கு ஆறு ஆண்டு தண்டனை விதித்தது. மில் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சென்னையில் போலீஸ் 'இந்தியா' மீது பாய்ந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் எம். சீனிவாசன். எழுத்துக்குப் பின்னால் இருந்தது பாரதியார். ஐந்தாண்டு தண்டனை பெற்றது சீனிவாசன். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார்.

அந்த அக்டோபரிலேயே 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து மீண்டும் வந்தது. படங்களும் வந்தன. ஆங்கில அரசு தன் எல்லைக்குள் இதழ் நுழையத் தடை போட்டது. வாசகர் கைக்குப் போகாத பத்திரிகை எத்தனை நாள் உயிர் வாழும்? 1910 மார்ச்சில் நின்றது. கார்ட்டூனுக்கென்றே 'சித்ராவளி' என்று ஓர் இதழ் நடத்த அவர் போட்ட திட்டமும் கைகூடவில்லை.

பத்தாண்டு புதுச்சேரி வாசத்துக்குப் பின், 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூரில் கைதானார். விடுதலையாகி, 1920-ல் பழைய 'சுதேசமித்திரனுக்கே' திரும்பினார். 1921 செப்டம்பரில் மறைந்தபோது வயது 39 நிறையவில்லை.

'இந்தியா' படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 1994-ல் நூலாக்கினார். அவற்றைப் பார்க்கும்போது பாரதியாரோடு சீனிவாசனையும் நினைப்பதுதான் நியாயம். ஊரார் சிரித்த சிரிப்புக்கு ஐந்தாண்டு விலை விதிக்கப்பட்டது அவருக்குத்தான்.