டத்தோ மகாராஜா லேலா

மகாராஜா லேலா என்பது இயற்பெயரன்று; பட்டம். அப்பட்டத்தைத் தாங்கிய பண்டாக் லாம், பேரா மாநிலத்தின் எட்டுப் பெருந்தலைவர்களுள் ஒருவர். பேரா ஆற்றங்கரையில் உள்ள பாசிர் சாலாக் கம்பம் அவர் பொறுப்பில் இருந்தது.

1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி, சுல்தானுக்கு அறிவுரை கூற ஆங்கிலேய ரெசிடென்ட்டாக ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச் வந்தார். அறிவுரை கூற வந்தவர் ஆணையிடத் தொடங்கினார். தலைவர்கள் காலங்காலமாக வாங்கி வந்த வரியைத் தம் கைக்கு மாற்றினார். கடனடிமை முறையையும் எதிர்த்தார். அடிமைகளுக்கு அது நன்மையே. ஆயினும், மலாய் வழக்கங்களை மதியாத அவரது போக்கு தலைவர்களின் சினத்தைக் கிளறியது.

1875 ஜூலையில் டூரியான் செபாத்தாங்கில் சுல்தான் அப்துல்லாவும் தலைவர்களும் கூடினர். பர்ச்சைக் கொல்வதென முடிவாயிற்று. அப்பொறுப்பை மகாராஜா லேலா ஏற்றார். நவம்பர் 2ஆம் நாள், ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியதைக் கூறும் அறிவிப்புகளைப் பர்ச்சின் ஆட்கள் பாசிர் சாலாக்கில் ஒட்டினர். அன்று ஆற்றங்கரைக் குளியலறையில் இருந்த பர்ச் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார்.

பதிலடிக்கு நெடுநாள் ஆகவில்லை. நவம்பர் 7ஆம் நாள் கேப்டன் இன்னஸ் தலைமையில் ஒரு படை கம்பத்தைத் தாக்கியது. அதை எதிர்த்து நின்றவர்களுள் பெரும்பாலோர் சம்பளம் பெறும் வீரர்கள் அல்லர், உள்ளூர் ஆண்களே. அரணுக்குப் பின்னால் மறைந்து நின்று அவர்கள் சுட்டனர். இன்னஸ் மாண்டார். காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு ஆங்கிலேயப் படை பின்வாங்கியது! ஆனால், எட்டே நாள்களில், நவம்பர் 15இல், பீரங்கிகளோடும் ராக்கெட்டுகளோடும் பெரும்படை திரும்பி வந்தது. ஈட்டியும் துப்பாக்கியும் அதற்கு ஈடாகவில்லை. பாசிர் சாலாக் தீக்கிரையானது.

மகாராஜா லேலா வடக்கே தப்பிச் சென்று, பல மாதங்கள் தலைமறைவாக வாழ்ந்தார். 1876இல் சரணடைந்தார். டிசம்பரில் மாத்தாங்கில் விசாரணை நடந்தது. 1877 ஜனவரி 20ஆம் நாள் அவரும் டத்தோ சாகோரும் தூக்கிலிடப்பட்டனர். பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாகி அன்றோடு சரியாக மூன்றாண்டுகள். சுல்தான் அப்துல்லா சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். அதே 1877இல்தான் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. நம் முன்னோர் பலர் பால்மரம் சீவ வந்த தோட்டங்கள் அதன் பிறகே தோன்றின.

ஈப்போவில் 1909இல் பர்ச்சின் நினைவாக எழுப்பப்பட்ட மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. அதனருகே செல்லும் சாலைக்கு இப்போது டத்தோ சாகோரின் பெயர்.