லேபிளை நம்பாத மனிதர்: மார்ட்டின் ராட்பெல்

லேப்ல ரீடிங் சரியா வரலைன்னா நாம முதல்ல எதைச் சந்தேகப்படுவோம்? வயர், மீட்டர், கடைசியா பேட்ச்மேட். பாட்டில்ல ஒட்டியிருக்கிற லேபிளை யாரும் சந்தேகப்படுறதில்லை. அதைச் சந்தேகப்பட்டு நோபல் வரைக்கும் போன ஒருத்தரோட கதை இது.

1925 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு மளிகைக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தார் மார்ட்டின் ராட்பெல். 1943-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உயிரியலும் பிடிக்கும், பிரெஞ்சு இலக்கியமும் பிடிக்கும். அடுத்த வருஷமே படிப்பை விட்டுட்டு இரண்டாம் உலகப் போருக்குப் போக வேண்டியதாயிற்று. கடற்படையில் ரேடியோ ஆபரேட்டர் வேலை. சிக்னலை வாங்கி, புரிந்துகொண்டு, அடுத்த இடத்துக்குக் கடத்தணும். பின்னாளில் செல்லுக்குள்ளும் அவர் தேடியது இதே வேலையைச் செய்யும் ஒன்றைத்தான்.

போர் முடிந்து படிப்பைத் தொடர்ந்தவர், 1954-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். கல்லீரலில் லெசித்தின் என்ற கொழுப்பு எப்படி உருவாகிறது என்பதுதான் தீசிஸ். அங்கதான் அடி விழுந்தது. கடையில் வாங்கிய ஏடிபி பாட்டிலில் சிடிபி என்ற வேறொரு மூலக்கூறும் கலந்திருக்கு, உண்மையில் வேலை செய்வது அதுதான் என்று யூஜின் கென்னடி நிரூபித்துவிட்டார். ராட்பெல்லின் முடிவு தப்பாகிப் போச்சு. வருஷக்கணக்கில் உழைத்து எழுதின தீசிஸ் தப்புன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க. அந்தப் பாடத்தை அவர் மறக்கவே இல்லை.

1956-ல் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஏர்ல் சதர்லேண்ட் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார். பல ஹார்மோன்கள் செல்லுக்குள் போவதே இல்லை, வெளியே இருந்து தட்டுவதோடு சரி. உள்ளே ஒரு என்சைம் சைக்ளிக் ஏஎம்பி என்ற இரண்டாவது தூதுவனைத் தயாரிக்கிறது. சரி, வெளியே தட்டினது உள்ளே எப்படிக் கேட்குது?

ராட்பெல்லுக்குத் தகவல் தொழில்நுட்பச் சிந்தனை மேல் ஒரு ஈர்ப்பு. சிக்னலை அடையாளம் காணும் ரிசெப்டார் ஒரு முனை, அதைப் பெருக்கும் என்சைம் மறுமுனை, ரெண்டுக்கும் நடுவில் ஒரு டிரான்ஸ்டியூசர் இருந்தே ஆகணும் என்று நினைத்தார். ஈசிஇ பசங்களுக்கு இது நல்லாவே புரியும்!

கல்லீரல் செல் சவ்வில் குளுக்ககான் ஹார்மோனை ஒட்டவிட்டுச் சோதித்தார்கள். ஏடிபி சேர்த்தால் ஹார்மோன் கழன்று வந்தது. ஆனா அதுக்கு ஏடிபி ரொம்ப அதிகமாத் தேவைப்பட்டது. பழைய காயம் ஞாபகம் வந்திருக்கும். பாட்டிலில் வேறு ஏதாவது கலந்திருக்குமோ? மற்ற நியூக்ளியோடைடுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஜிடிபி, அதாவது குவனோசின் ட்ரைபாஸ்பேட், மிகச் சிறிய அளவிலேயே அந்த வேலையை முடித்தது. (பொருளாதார ஜிடிபி இல்லைங்க!) அது இல்லாமல் ஹார்மோனால் என்சைமைச் சரியாக முடுக்கவும் முடியவில்லை. 1971-ல் முடிவுகள் வெளிவந்தன. 1980 வாக்கில் ஆல்ஃபிரட் கில்மன் குழு அந்த ஜிடிபியைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தைப் பிரித்தெடுத்தது. அதுதான் ஜி புரதம்.

அது ஒரு ஸ்விட்ச். ஹார்மோன் ரிசெப்டாரைத் தொட்டதும் ஜி புரதம் ஜிடிபியைப் பிடித்து ஆன் ஆகும். என்சைமை முடுக்கும். பிறகு தானே ஜிடிபியை உடைத்து ஆஃப் ஆகிவிடும். காலரா நச்சு செய்வது என்ன தெரியுமா? குடல் செல்லில் இந்த ஸ்விட்ச்சை ஆஃப் ஆக விடாமல் சிக்க வைப்பதுதான். உடம்பில் இருக்கிற உப்பும் தண்ணீரும் வெளியே கொட்டி, சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. நாம பார்ப்பது, முகர்வது, பயத்தில் இதயம் படபடப்பது எல்லாத்துக்கும் ஜி புரதம் வேணும். இன்றைய மருந்துகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, இந்தப் புரதத்தோடு இணைந்து வேலை செய்யும் ரிசெப்டார்களைத்தான் குறிவைக்கிறது.

1985-ல் வடக்கு கரோலினாவுக்கு மாறினார். ஆராய்ச்சிக்குப் போதுமான நிதி கிடைக்காமல் 1994-ல் ஓய்வு பெற்றார். அதே வருஷம் கில்மனோடு சேர்ந்து நோபல் பரிசு! உடனடிப் பயன் தெரியாத அடிப்படை ஆராய்ச்சிக்கு அரசு பணம் தருவதில்லை என்ற வருத்தத்தை அப்போதும் அவர் மறைக்கவில்லை. 1998 டிசம்பர் 7 அன்று, 73 வயதில் காலமானார்.

தப்பாப் போன ஒரு தீசிஸ்தான் அவருக்குச் சரியான கேள்வியைக் கேட்கக் கத்துக்கொடுத்தது. அடுத்த தடவை உங்க ப்ராஜெக்ட்ல அவுட்புட் விநோதமா வந்தா, ரெக்கார்டு நோட்டுல 'எரர்'னு எழுதி மூடிடாதீங்க. பாட்டிலைத் திருப்பிப் பாருங்க.