தோட்ட முதலாளியின் மகன், தொழிலாளியைப் பங்குதாரராக்கினார்: துன் சம்பந்தன் நினைவுகள்

ஈப்போவில் துன் சம்பந்தன் சாலை வழியாக நாம் அடிக்கடி போய் வருகிறோம். தலைநகர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் பெரிய சாலையும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பெயரை எல்லாரும் அறிவோம். ஆனால் நம் பேராக் மண்ணில் பிறந்த அந்த மனிதர் தோட்டத் தமிழர்களுக்கு என்ன செய்தார் என்று கேட்டால், இளைய தலைமுறையில் பலருக்குப் பதில் தெரிவதில்லை.

அவருடைய தந்தை எம்.எஸ்.வீராசாமி 1896ஆம் ஆண்டு தமிழகத்திலிருந்து கப்பலேறி மலாயா வந்தவர். உழைப்பால் முன்னேறி, சுங்கை சிப்புட்டில் சொந்தமாக ரப்பர் தோட்டங்களை வைத்திருக்கும் அளவுக்கு உயர்ந்தார். தோட்ட நிலமெல்லாம் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் கையில் இருந்த காலத்தில் ஒரு தமிழர் முதலாளியாவது அபூர்வம்.

அந்த வீட்டில் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி பிறந்தவர் வீ.தி.சம்பந்தன். கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்துவிட்டு, பட்டப்படிப்புக்காகத் தமிழகத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். ஊர் திரும்பியபின் குடும்பத் தோட்டத் தொழிலைக் கவனித்தார். அதிலேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் கவனம் பொது வாழ்க்கையின் பக்கம் திரும்பியது.

முதலில் அவர் கை வைத்தது கல்வியில். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழும்ப அவர் முன்னின்றார். 1954ஆம் ஆண்டு அப்பள்ளியைத் திறந்து வைக்க நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட் வந்தார். அது இன்றும் தமிழ்ப்பள்ளியாக இயங்கி வருகிறது.

அடுத்த ஆண்டே அவர் ம.இ.கா.வின் தேசியத் தலைவரானார். நாட்டின் முதல் பொதுத் தேர்தலும் அதே 1955இல்தான் நடந்தது. கூட்டணி சார்பில் கிந்தா உத்தாரா தொகுதியில் நின்று வென்று, துங்கு அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். பின்னர் சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி, தேசிய ஒருமைப்பாடு எனப் பல பொறுப்புகள் வந்தன. 1959 முதல் 1974 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

இந்தப் பதவிகளைவிட நம் மக்கள் நெஞ்சில் நிற்பது வேறொரு பணி.

1950களில் பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. மொத்தமாக வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்றார்கள். ஐந்தாறு ஏக்கர் வாங்கியவருக்கு நிரந்தரத் தொழிலாளி தேவையில்லை. லயத்துக்கோ மருந்தகத்துக்கோ ஆயாக் கொட்டகைக்கோ செலவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவிய குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தன.

சட்டம் வரட்டும் என்று சம்பந்தன் காத்திருக்கவில்லை. தோட்டம் விற்பனைக்கு வந்தால் அதைத் தொழிலாளியே வாங்கினால் என்ன என்று சிந்தித்தார். அதன் விளைவாக 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. நாள் கூலியாகச் சில வெள்ளிகளே பெற்றவர்களுக்கு அது பெரிய தொகை. எனவே பத்துப் பத்து வெள்ளியாகத் தவணையில் கட்டலாம் என்று ஏற்பாடு செய்யப்பட்டது.

அமைச்சராக இருந்தபோதே அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் பேசினார். நம்பிப் பணம் கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம்தான் சங்கம் வாங்கிய முதல் தோட்டம். அதன் பின் மேலும் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன. பெரட்டுக்களத்தில் கைகட்டி நின்றவர், தாம் சேர்ந்த சங்கத்தின் நிலத்தில் பங்குதாரரானார்.

அரசியல் வாழ்க்கை அத்தனை சுமுகமாக முடியவில்லை. கட்சிக்குள் தலைமைப் பூசல் முற்றியதால், 18 ஆண்டுகள் வகித்த தலைவர் பதவியிலிருந்து 1973ஆம் ஆண்டு விலகினார். வி.மாணிக்கவாசகம் அடுத்த தலைவரானார். கூட்டுறவுப் பணியை மட்டும் சம்பந்தன் கைவிடவில்லை. 1979ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி, அறுபது வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது காலமானார். பொது வாழ்க்கைக்கு வந்தபோது கையில் இருந்த குடும்பச் சொத்தில் பெரும்பகுதி கட்சிக்கும் ஏழைகளுக்கும் கரைந்துபோனது என்பதை அவருடன் பழகியவர்கள் பலரும் சொல்லி வந்திருக்கிறார்கள்.

சுங்கை சிப்புட்டைச் சுற்றிய ரப்பர் காடுகள் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. தோட்டம் கைமாறும்போது அங்கே வாழ்ந்தவர்களுக்கு வீடு எங்கே என்ற கேள்வியோ இன்னும் மாறவில்லை. இன்றும் பல தோட்டங்களில் வெளியேற்ற நோட்டீஸ் வந்த பிறகுதான் நம்மவர்கள் ஒன்றுகூடுகிறார்கள். சம்பந்தன் நோட்டீஸ் வருமுன் பத்து வெள்ளியைச் சேர்க்கச் சொன்னார்.

உங்கள் தாத்தா, பாட்டி தோட்டத்தில் வேலை செய்தவர்களா? வீட்டிலுள்ள பழைய தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சங்கத்தின் பங்குப் பத்திரம் ஏதும் இருந்தால், கோலாலம்பூர் விஸ்மா துன் சம்பந்தனில் இயங்கும் சங்க அலுவலகத்தில் விசாரியுங்கள். அது அவர்கள் வியர்வையில் வாங்கிய நிலத்தின் பங்கு.