தமிழோசைக்குப் பெயரிட்டவர்

புங்குடுதீவு இறுப்பிட்டியிலிருந்து வாணர் தாம்போதியைக் கடந்தால் வேலணைத் தீவு. அத்தீவின் கரம்பொன் என்னும் ஊரிலே 1912ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் பிறந்தவர் சோ. சிவபாதசுந்தரம். இலண்டனிலிருந்து எழுந்த தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழோசை என்னும் பெயரைச் சூட்டியவர் இவரே. சைவப் பெரியார் சு. சிவபாதசுந்தரனார் வேறு, தலைப்பெழுத்தை நோக்காது இருவரையும் ஒருவராக மயங்குவாரும் உளர்.

நா. பொன்னையா அவர்கள் சுன்னாகத்திலிருந்து நடாத்திய ஈழகேசரிக்கு 1938 முதல் ஆசிரியராய் அமர்ந்தார். இலங்கையர்கோன், சம்பந்தன், வைத்தியலிங்கம் முதலாய சிறுகதையாசிரியர்க்கு அப்பத்திரிகை களமாய் விளங்கியது. பின்னர்க் கொழும்பு வானொலியிற் சேர்ந்தார். எழுத்திலிருந்து ஒலிக்கு மாறினார். ஏட்டிலே படிப்பவன் விளங்காவிடத்து மீட்டும் படிப்பான். கேட்பவனுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. நீண்ட தொடர்களிலே மகிழ்கின்ற எம்போன்ற பண்டிதர்க்கு இஃது எளிதிற் கைவராத வித்தை.

நிற்க. பி.பி.சி. நிறுவனம் 1941ஆம் ஆண்டு மே மாதத்தில், உலகப் போரின் நடுவே, வாரமொருமுறை தமிழிற் செய்திமடல் ஒலிபரப்பத் தொடங்கியது. போர் ஓய்ந்தபின் அங்குச் சென்ற சிவபாதசுந்தரம், அந்நிகழ்ச்சிக்குத் தமிழோசை எனப் பெயரிட்டார். பாரதியார் பாடலால் எவரும் அறிந்த சொல் அது. தமிழினது ஓசை என விரியும் ஆறாம் வேற்றுமைத் தொகை. ஆங்கில நிறுவனப் பெயரின் மொழிபெயர்ப்பன்று. அவ்வாறு பெயர்த்திருப்பின் அலுவலகப் பலகைக்கு உதவியிருக்கும். அடுக்களை வரை சென்றிராது.

அப்பெயரின் அருமையை யாழ்ப்பாணத்தார் உணர்ந்த காலம் 1990கள். மின்சாரம் இல்லை, மின்கலம் கிடைத்தற்கரிது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவின் வலுவால் வானொலி பேசும். சுழற்றுபவர் கை ஓய்ந்தாற் செய்தியும் ஓயும். பெயர்ந்த உறவினர் எந்நிலையில் உளரோ என ஏங்கியிருந்தோர், அயலெல்லாம் கூடி, இரவிலே தமிழோசை கேட்டனர். பெயரிட்டவர் நம் தீவகத்தார் என்பதை அவருட் பலர் அறியார்.

1954இல் வெளிவந்த இவரது ஒலிபரப்புக் கலை, அத்துறையிலே தமிழில் எழுந்த முன்னோடி நூல். மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில், கௌதம புத்தர் அடிச்சுவட்டில் என்பன, அவ்வவ் விடங்களுக்குத் தாமே சென்று கண்டெழுதியவை. சைவக் குடிப்பிறந்தார் புத்தர் நடந்த வழியையும் அதே ஈடுபாட்டோடு தேடிச் சென்றமை எமக்கு மிக உவப்பானது. சிட்டி சுந்தரராஜனோடு இணைந்து தமிழ் நாவலுக்கும் சிறுகதைக்கும் வரலாறு வரைந்தார். பிற்காலத்திற் சென்னையில் வாழ்ந்து, 2000ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் மறைந்தார்.

அவர் பெயரிட்ட வானொலி மேலும் பதினாறு ஆண்டுகளுக்குச் சிற்றலையில் ஒலித்து, 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாளோடு ஓய்ந்தது.