வார்ஃபரின் தந்த லிங்க்

இதய வால்வு மாற்றிய பின், பாகூரில் எங்க அப்பா தினமும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். எலி மருந்தாமே என்று யாரோ சொல்ல, ஒருநாள் மாத்திரையைத் தள்ளிவிட்டார். அமெரிக்க விஞ்ஞானி கார்ல் பால் லிங்க்கின் கதையைச் சொன்னேன்.

1933-இல் பனிப்புயலில் ஒரு விவசாயி, செத்த கிடேரியையும் உறையாத ரத்தம் நிறைந்த பால் கேனையும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இவரிடம் கொண்டுவந்தார். பூசணம் பிடித்த தீவனப் புல்தான் காரணம். அதிலிருந்த பொருளைப் பிரித்தெடுக்க ஆறு வருஷம் ஆச்சு. பின்னர் காசநோயில் படுத்திருந்தபோது, அதே இனத்தில் எலிக்கு ஒன்று செய்யலாமெனத் தோன்றியது. 1948-இல் எலி மருந்து, 1954-இல் மனிதருக்கும் அனுமதி. ரத்தப் பரிசோதனை பார்த்து அளவு வைப்பதில்தான் சூட்சுமம்.

ஆய்வுக்கு உதவியது அங்குள்ள பழைய மாணவர் அறக்கட்டளை. அதன் ஆங்கில முதலெழுத்துகளே மருந்தின் பெயரில் உள்ளன. நம் சங்கத்தார் கவனிக்க! லிங்க்கும் அங்கே படித்தவர்தான். 1978-இல் காலமானார்.

மத்த மாடுங்க பிழைச்சுதா என்றுதான் அப்பா கேட்டார். கேட்டுவிட்டு மாத்திரையை விழுங்கினார்.