எட்டுப் பேர் கொண்ட மந்திரிசபை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, நம் தொழில் சம்பந்தமாக ஏதாவது எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். லேத்தும் மில்லிங்கும் நம் கல்லூரிப் பட்டறையிலேயே கற்றாகிவிட்டது. ஆட்களை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று எந்த செமஸ்டரிலும் பாடம் இல்லை. அதை நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட கதையையும், எனக்குக் கற்றுக்கொடுத்த பெருந்தலைவர் காமராஜரின் கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கி ஒரகடம் ரோட்டில் கம்பெனி பஸ் பிடிக்கும் பல நூறு பேரில் நானும் ஒருவன். 2022-இல் என்னை ஒரு செக்ஷனுக்கு மேனேஜராகப் போட்டார்கள். எனக்குக் கீழே முப்பத்து நாலு பேர். அவர்களில் ஒருவர் என்னைவிடப் பத்து வயது மூத்த சூப்பர்வைசர். ஐ.டி.ஐ. படித்தவர், மெஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார். அந்த நாற்காலி தனக்குத்தான் என்று இருந்தவர், நான் உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொண்டார். குட்மார்னிங் மட்டும் வரும். நானும் விடவில்லை. அவரிடம் கேட்பானேன் என்று செட்டிங் எல்லாவற்றையும் நானே செய்தேன். ஒரு நைட் ஷிப்டில் டூல் ஆஃப்செட்டைத் தவறாகப் போட்டு, முதல் பீஸை அளந்து பார்க்காமலே லாட்டை ஓடவிட்டேன். விடிவதற்குள் இருநூறு ஷாப்ட் ஸ்கிராப். அவர் பக்கத்து மெஷினில்தான் நின்றார். பார்த்தாராம், நான் கேட்காததால் சொல்லவில்லையாம். மறுநாளே அவரை வேறு பிளான்டுக்கு மாற்றச் சொல்லி லெட்டர் டைப் செய்துவிட்டேன். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அது ஜூலை மாதம். காமராஜர் பிறந்த ஜூலை 15 பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். செங்கல்பட்டில் இருக்கும் என் அக்கா பையன், பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடு மாமா என்று வந்து நின்றான். பள்ளிக்கூடம் திறந்தார், சோறு போட்டார் என்று நாலு வரி எழுதித் தள்ளிவிடலாம் என்று உட்கார்ந்தவன், 1954-ஆம் வருடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

காமராஜர் 1903-இல் விருதுநகரில் பிறந்தார். சின்ன வயதிலேயே தகப்பனார் குமாரசாமி காலமாகிவிட, படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. தாய்மாமன் துணிக்கடையில் வேலைக்குப் போனார். கடையில் இருந்தபடியே காங்கிரஸ் கூட்டங்களுக்குப் போய், பிறகு கட்சியே முழு வேலையாயிற்று. 1930 வேதாரண்யம் உப்பு சத்தியாக்கிரகத்தில் தொடங்கி, எல்லாமாகச் சேர்த்துச் சுமார் ஒன்பது வருடம் சிறையில் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1936-இல் சத்தியமூர்த்தி மாநிலக் காங்கிரஸ் தலைவரானபோது காமராஜர் செயலாளர். 1940-இல் காமராஜர் தலைவரானார். அவர் குருவாக மதித்த சத்தியமூர்த்தி செயலாளராக இருந்து வேலை பார்த்தார். நேற்றுவரை மேலே இருந்தவர் இன்று கீழே இருந்து ஒத்துழைப்பதும், அவரை மரியாதை குறையாமல் வைத்துக்கொள்வதும் எப்படி என்று அவருக்கு அங்கேயே பழகிவிட்டது.

1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்துக்கு மாநிலம் முழுக்க எதிர்ப்பு. அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற ஏற்பாடு அது. எதிர்ப்பு வலுத்து 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்த தலைவர் யார் என்று கட்சிச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டார்கள். காமராஜரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவர் பெயரை முன்மொழிந்தவர் எம். பக்தவத்சலம். காமராஜருக்கு 93 ஓட்டு, சுப்பிரமணியத்துக்கு 41. ஏப்ரல் 13-ஆம் தேதி காமராஜர் முதலமைச்சரானார். வயது ஐம்பது. அதுவரை அவர் அமைச்சராகக்கூட இருந்ததில்லை. கட்சியை நடத்தியவர்தானே தவிர, ஆபீசை நடத்தியவர் அல்ல. நம் பாஷையில் சொன்னால், அசல் புது மேனேஜர்.

அவர் செய்த முதல் காரியத்தைக் கவனியுங்கள். மந்திரிசபையைத் தன்னையும் சேர்த்து எட்டுப் பேரோடு நிறுத்திக்கொண்டார். அந்த எட்டுப் பேரில் எதிர்த்து நின்ற சுப்பிரமணியமும் உண்டு, முன்மொழிந்த பக்தவத்சலமும் உண்டு. ஒப்புக்கு ஒரு மூலையில் உட்காரவைக்கவும் இல்லை. நிதியையும் கல்வியையும் சுப்பிரமணியத்திடம் கொடுத்தார். ஆட்சியையே கவிழ்த்த கல்விப் பிரச்சினை ராஜாஜி அமைச்சரவையில் இருந்த ஒருவர் கைக்கே போயிற்று. அடுத்த மாதமே, மே 18-இல், அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தவரும் அதே சுப்பிரமணியம்தான். கோயில்களைக் கவனிக்கும் அறநிலையத் துறையை, தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பி. பரமேசுவரனிடம் ஒப்படைத்தார். கோயில் நுழைவுக்கே போராட வேண்டியிருந்த நாட்கள் மக்கள் மனத்தில் மறையாத காலம் அது.

தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது அவர் சுபாவம். கல்வித் துறைக்கு நெ.து. சுந்தரவடிவேலுவை இயக்குநராக்கினார். எங்கே எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருக்கிறார்கள், ஏன் வரவில்லை என்பதுதான் அவருக்குக் கேள்வி. பசிதான் காரணம் என்றால் சோறு போடுவது. மாற்றுத்துணி இல்லை என்றால் சீருடை கொடுப்பது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் கொடுத்தார்கள். வழி கண்டுபிடித்தவர்கள் அதிகாரிகள். குறுக்கே யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டது முதல்வர். ஊர் ஊராகப் போய்த் தன் கண்ணால் பார்த்துவிட்டு வருவதையும் அவர் நிறுத்தவே இல்லை.

தொழில் துறையிலும் இதே கதைதான். 1957 தேர்தலுக்குப் பிறகும் மந்திரிகள் எட்டுப் பேர்தான். தொழில் துறை ஆர். வெங்கட்ராமனிடம் வந்தது. 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை திறந்தது. சின்ன முதலாளிகள் ஷெட்டும் கரண்டும் பெற்று லேத் போட்டு உட்கார்ந்த இடம் அது. இன்று மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் பஞ்ச் அடிக்கும் நம் ஆட்கள், அந்தப் பாதையில் பின்னால் வந்தவர்கள்தான்.

ஒன்பது வருடம் கழித்து, 1963 அக்டோபர் 2-ஆம் தேதி, கட்சி வேலைக்காகத் தானாகவே பதவியை விட்டு இறங்கினார். அவர் நாற்காலியில் அடுத்து உட்கார்ந்தவர், 1954-இல் எதிர் வேட்பாளரை முன்மொழிந்த அதே பக்தவத்சலம். சுப்பிரமணியம் டில்லிக்குப் போய், 1964-இல் மத்திய உணவு அமைச்சராகி, பசுமைப் புரட்சிக்கு வழி செய்தார். வெங்கட்ராமன் 1987-இல் குடியரசுத் தலைவரானார். எட்டே பேர் கொண்ட சபையிலிருந்து இத்தனை பேர் மேலே போனார்கள் என்றால், மேலே இருந்தவர் யாரையும் அமுக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அவருக்கும் சறுக்கல்கள் உண்டு. 1967-இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே, பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார். 1969-இல் அவர் பாடுபட்டு வளர்த்த கட்சி இரண்டாக உடைந்தது. 1975-இல் அதே அக்டோபர் 2-ஆம் தேதி காலமானார். மறு வருடம் பாரத ரத்னா விருது அளிக்கப்பட்டது. தனக்கென்று சொத்து எதையும் அவர் சேர்த்து வைக்கவில்லை.

பேச்சை எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. 93-க்கு 41 என்று ஜெயித்தவர், எதிராக நின்றவரைக் கூப்பிட்டுக் கஜானாச் சாவியையே கொடுத்திருக்கிறார். நானோ போட்டி என்று ஒன்று நடக்காமலே ஒருவரை ஊரைவிட்டு அனுப்பப் பார்க்கிறேன். காலையில் லெட்டரைக் கிழித்துப் போட்டேன். சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு அவரை அழைத்துப்போய், அன்று ஸ்கிராப் ஆனது முழுக்க என் தப்புதான் என்று சொன்னேன். இனி செக்ஷனில் எந்த லாட்டும் அவர் முதல் பீஸைப் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் ஓடும் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

சினிமாவில் வருவதுபோல் மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை, நண்பர்களே. இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு நாள் அவராகவே என் டேபிளுக்கு வந்து, மூணாம் நம்பர் மெஷின் ஸ்பிண்டிலில் சத்தம் மாறுகிறது, இப்போதே நிறுத்துவது நல்லது சார் என்றார். நிறுத்திப் பிரித்துப் பார்த்தோம். பேரிங் போகும் நிலையில் இருந்தது. இன்று நான் ஒரு வாரம் லீவு போட்டாலும் லைன் நிற்பதில்லை. அதை நினைத்தால் முதலில் கொஞ்சம் வலித்தது. இப்போது அதுதான் என் வேலை என்று புரிகிறது.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, நீங்களும் ஒருநாள் மேனேஜர் ஆவீர்கள். அன்று உங்களைவிட வேலை தெரிந்த ஒருவர் உங்கள் மேல் வருத்தத்தோடு அந்த செக்ஷனில் இருப்பார். அவரை எங்கே உட்காரவைக்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் முதல் பரீட்சை. சப்ளிமென்டரி எழுத எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. நீங்கள் முதல் தடவையே பாஸ் பண்ணிவிடுங்கள்.

— இயந்திரவியல் துறை, 2012-ஆம் ஆண்டு அணி