எழுதியது 22, பீட்டில்ஸ் மேடையில் ஒலித்தது ஒன்று: ஜார்ஜ் ஹாரிசனின் செட்லிஸ்ட் கதை

1966 ஆகஸ்ட் 29. சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் பேஸ்பால் மைதானம். நடுவில் உயரமான மேடை, அதைச் சுற்றிக் கம்பி வேலி. பீட்டில்ஸ் நால்வரும் வந்தார்கள், 11 பாட்டு பாடினார்கள், அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். அவர்களுடைய புத்தம்புது ஆல்பமான ‘ரிவால்வர்’ அமெரிக்கக் கடைகளுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அந்த 11-ல் ‘ரிவால்வர்’ பாட்டு எத்தனை?

ஒன்றுகூட இல்லை.

இன்றைக்கு ஒரு பாப் ஸ்டார் புது ஆல்பம் போட்டால், அதற்காகவே ஒரு டூர் கிளம்பும். அன்றைக்கு உலகிலேயே பெரிய இசைக்குழு, இப்போது பல விமர்சகர்கள் அவர்களின் உச்சம் என்று சொல்கிற ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைக்கூட மேடையில் வாசிக்கவில்லை. அத்தோடு டூரையும் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு டிக்கெட் போட்டு ஒரு கச்சேரிகூட நடத்தவில்லை.

இதில் அதிகம் இழந்தவர் யார் என்று பார்த்தால், குழுவில் வயது குறைந்த ஜார்ஜ் ஹாரிசன். ‘ரிவால்வர்’ ஆல்பத்தில் அவர் எழுதிய பாட்டுகள் மூன்று. அதுவரை எந்த பீட்டில்ஸ் ஆல்பத்திலும் அவருக்கு அத்தனை இடம் கிடைத்ததில்லை. ஆனால், டூர் முடிந்ததில் அதிகம் நிம்மதி அடைந்தவரும் அவர்தான். கடைசிக் கச்சேரி முடிந்து விமானத்தில் ஏறியதும், இனி தான் பீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டு இருக்கையில் சாய்ந்தாராம்.

பஸ்ஸின் மேல் தளத்தில் ஆடிஷன்

1943 பிப்ரவரி 25-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர் ஜார்ஜ். நான்கு குழந்தைகளில் கடைசி. அப்பா ஹரால்டு பஸ் ஓட்டுபவர். கழிவறைகூட வீட்டுக்கு வெளியே இருந்த சின்ன வீடு. பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் பழக்கமானவர் பால் மெக்கார்ட்னி. பால் அவரை ஜான் லெனானிடம் கூட்டிப்போனார். பஸ்ஸின் மேல் தளத்தில் ‘ரான்ச்சி’ என்ற கிடார் இசையைத் தப்பில்லாமல் வாசித்துக் காட்டிய பையனை, சின்னப் பையன் என்று தயங்கிய லெனான் சேர்த்துக்கொண்டார். அப்போது ஜார்ஜுக்கு 15 வயது.

1960-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர கிளப்புகளில் இரவு முழுக்க வாசிக்கும் வேலை கிடைத்தது. வயது 18 ஆகவில்லை என்பது தெரிந்து ஜார்ஜை அந்த ஊர் அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். ஆனாலும் பீட்டில்ஸ் உருவானது அங்கேதான். ஒருவர் எங்கே திரும்புவார் என்பது அடுத்தவருக்குத் தெரிகிற அளவுக்கு நேரடி வாசிப்பில் தேறியிருந்தார்கள். பின்னால் மேடையில் என்ன போனது என்பது புரிய, இந்த ஹாம்பர்க் இரவுகள் ஞாபகத்தில் இருப்பது நல்லது.

சத்தத்தில் காணாமல் போன பாட்டு

1963-லேயே ஜார்ஜ் சொந்தமாக ஒரு பாட்டு எழுதிவிட்டார். ‘டோன்ட் பாதர் மீ’. ‘வித் த பீட்டில்ஸ்’ ஆல்பத்தில் வந்தது, மேடைக்கு வரவில்லை. 1965-ல் ‘ஹெல்ப்!’ ஆல்பத்தில் இரண்டு பாட்டு. அவையும் வரவில்லை. கச்சேரியில் ஜார்ஜ் பாடும் முறை வந்தால் சக் பெர்ரியின் ‘ரோல் ஓவர் பீத்தோவன்’, கார்ல் பெர்கின்ஸின் ‘எவ்ரிபடிஸ் ட்ரையிங் டு பி மை பேபி’ போன்ற அடுத்தவர் பாட்டுகள்தான்.

இதில் சதி எதுவும் இல்லை. குழுவில் ஜானும் பாலும் ஹிட் மேல் ஹிட் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேடையில் கிடைப்பது அரை மணி நேரம். ரிங்கோவுக்கு ஒரு பாட்டு, ஜார்ஜுக்கு ஒரு பாட்டு, மீதி அவர்கள் இருவருக்கும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் அந்தக் கணக்கை ஒருவர் எத்தனை வருஷம் சகித்துக்கொள்வார்?

கடைசியில் ஒரு பாட்டு உள்ளே நுழைந்தது. 1965 டிசம்பர் 3-ல் ‘ரப்பர் சோல்’ ஆல்பம் வெளியானது. அதே நாளில் கிளாஸ்கோவில் பிரிட்டன் டூர் தொடங்கியது. ஆல்பத்தின் 14 பாட்டுகளில் மேடையில் வாசித்தது இரண்டு: லெனானின் ‘நோவேர் மேன்’, ஜார்ஜின் ‘இஃப் ஐ நீடட் சம்ஒன்’. 12 கம்பி ரிக்கன்பேக்கர் கிடாரில் மணி அடிப்பதுபோல் சுழலும் ஒரு மெட்டு அது. பீட்டில்ஸ் வெளியிட்ட ஜார்ஜ் பாட்டுகள் மொத்தம் 22. டூர் மேடைகளில் ஒலித்தது இது ஒன்றுதான்.

ஒலித்தது என்று சொல்வதுகூடக் கொஞ்சம் தாராளம்தான். 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000-க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். மேடையில் 100 வாட் ஆம்ப்கள். குரல் போனது, ஆட்டத்தின் நடுவே அறிவிப்பு சொல்ல வைத்திருந்த மைதான ஸ்பீக்கர்களில். இன்றைக்குச் சின்ன கல்யாண வரவேற்பு ஆர்கெஸ்ட்ராவுக்கே பாடுபவர் முன்னால் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் இருக்கும். தன் குரல் தனக்குக் கேட்டால்தானே சுருதி பிடிக்க முடியும்? பீட்டில்ஸுக்கு அந்த வசதி இல்லை. ரசிகர்களின் அலறலில், மற்ற மூவரின் முதுகு அசைவதைப் பார்த்துத்தான் பாட்டில் எந்த இடம் என்று ரிங்கோ கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

‘ரிவால்வர்’ ஏன் மேடை ஏறவில்லை?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில்: வாசிக்க முடியாது. அது பாதி உண்மை. ‘எலினார் ரிக்பி’ பாட்டில் பீட்டில்ஸ் யாரும் எந்தக் கருவியும் வாசிக்கவில்லை. எட்டுப் பேர் கொண்ட வயலின், வியோலா, செல்லோ குழுதான் வாசித்தது. ‘டுமாரோ நெவர் நோஸ்’ டேப் துண்டுகளைச் சுழலவிட்டுச் செய்தது. ‘ஐம் ஒன்லி ஸ்லீப்பிங்’ பாட்டில் வருவது பின்னோக்கி ஓடும் கிடார். ஜார்ஜின் ‘லவ் யூ டூ’ பாட்டுக்கு சிதாரும் தபலாவும் வேண்டும். இதையெல்லாம் 1966 மேடையில் நான்கு பேர் செய்ய வழியே இல்லை.

ஆனால், ‘டேக்ஸ்மேன்’? ஆல்பத்தின் முதல் பாட்டு, ஜார்ஜ் எழுதியது. சம்பாதிப்பதில் பெரும்பகுதியை பிரிட்டன் அரசு வரியாக எடுத்துக்கொள்கிற கோபத்தில் பிறந்தது. கிடார், பேஸ், டிரம்ஸ் இருந்தால் போதும். ‘ஷீ செட் ஷீ செட்’, ‘அண்ட் யுவர் பேர்ட் கேன் சிங்’ எல்லாமும் கிட்டத்தட்ட அப்படித்தான். முடியாது என்பதைவிட, எதற்காக மெனக்கெட வேண்டும் என்ற அலுப்புதான் பெரிய காரணமாகத் தெரிகிறது. புதுப் பாட்டை மேடைக்கு ஏற்ற ஒத்திகை வேண்டும். யாருக்கும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு எவர் ஒத்திகை பார்ப்பார்?

அந்த அலுப்பு டோக்கியோவில் அம்பலமானது. 1966 ஜூன் 30 முதல் ஜூலை 2 வரை புடோகான் அரங்கில் ஐந்து கச்சேரிகள். போலீஸ் காவல் பலம், ரசிகர்கள் மற்ற ஊர்களைவிட அமைதி. பீட்டில்ஸுக்குத் தங்கள் வாசிப்பே காதில் விழுந்தது. அது கேட்கும்படியாக இல்லை. ஹாம்பர்க்கில் தேறிய குழு, மூன்றே வருஷ உலகப் புகழில் தேய்ந்துபோயிருந்தது.

அடுத்து மணிலா. இமெல்டா மார்கோஸ் ஏற்பாடு செய்த வரவேற்புக்கு அவர்கள் போகவில்லை; அது நாட்டுக்கே அவமானம் என்று செய்தியானது. பாதுகாப்பு விலக்கப்பட்டு, விமான நிலையத்தில் தள்ளுமுள்ளுக்கு நடுவே தப்பித்தார்கள். ஆகஸ்டில் அமெரிக்கா போனால், இயேசுவை ஒப்பிட்டு லெனான் சொன்ன ஒரு கருத்துக்காகத் தெற்கு மாநிலங்களில் இசைத்தட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. மெம்பிஸ் கச்சேரியில் யாரோ வெடித்த பட்டாசைத் துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்து, நம்மில் யார் விழுந்தது என்று ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். டூரை விட மனமில்லாமல் இருந்த பாலும் சில நாளில் ஒத்துக்கொண்டார்.

மூன்று தடவை திரும்ப ஏறிய மேடை

கேண்டில்ஸ்டிக் முடிந்து சில வாரத்தில் ஜார்ஜ் இருந்த இடம் மும்பை. பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் கற்க வந்திருந்தார். ஹோட்டல் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட, குருவும் சிஷ்யரும் காஷ்மீருக்குப் போய்ப் படகு வீட்டில் பாடத்தைத் தொடர்ந்தார்கள். தரையில் உட்கார்ந்து, ஒரு ஸ்வரத்தைச் சுத்தமாக வாசிக்க மணிக்கணக்கில் உழைப்பது, அலறல் மைதானத்திலிருந்து வந்தவருக்கு என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

1969 ஜனவரி 30-ல் லண்டன் மொட்டைமாடியில் பீட்டில்ஸ் வாசித்த புகழ்பெற்ற நிகழ்ச்சி நினைவிருக்கிறதா? 42 நிமிடம். அதிலும் ஜார்ஜ் எழுதியது எதுவும் இல்லை. அந்த வருஷக் கடைசிக்குள் ‘சம்திங்’, ‘ஹியர் கம்ஸ் த சன்’ இரண்டும் வெளியாகி, யாரும் அவரை மூன்றாவது ஆள் என்று சொல்ல முடியாதபடி ஆகிவிட்டது. குழு உடைந்ததும் 1970 நவம்பரில் சேர்த்து வைத்த பாட்டுகளை மூன்று இசைத்தட்டுகளாகக் கொட்டினார். அதுதான் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’.

முதல் தடவை அவரை மேடைக்கு இழுத்தவர் ரவிசங்கர். வங்கதேசப் போர் அகதிகளுக்கு நிதி திரட்ட உதவி கேட்டார். 1971 ஆகஸ்ட் 1-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இரண்டு காட்சிகள். பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ எல்லோரும் வந்தார்கள். ‘சம்திங்’, ‘ஹியர் கம்ஸ் த சன்’, ‘வைல் மை கிடார் ஜென்ட்லி வீப்ஸ்’ மூன்றும் கச்சேரி மேடையில் கேட்டது அன்றைக்குத்தான். ‘ஹியர் கம்ஸ் த சன்’ பாட்டுக்கு இரண்டு அகூஸ்டிக் கிடார் மட்டும். கூட்டம் அமைதியாகக் கேட்டது. ஐந்து வருஷத்துக்கு முன் நடக்காத விஷயம் அது.

இரண்டாவது தடவை சறுக்கல். 1974 நவம்பர், டிசம்பரில் வட அமெரிக்கா முழுக்க 45 கச்சேரிகள். முன்னாள் பீட்டில் ஒருவர் அங்கே தனியாக நடத்திய முதல் டூர். ரவிசங்கர் தலைமையில் ஓர் இந்திய இசைக்குழுவையும் அழைத்துப்போனார். அல்லா ரக்கா, ஹரிபிரசாத் சௌராசியாவுடன் நம்ம வயலின் மேதை எல்.சுப்ரமணியமும், மிருதங்கம் டி.வி.கோபாலகிருஷ்ணனும் அதில் இருந்தார்கள். ராக் கேட்க வந்த கூட்டத்தில் பலருக்குப் பொறுமை இல்லை. ஜார்ஜின் தொண்டையும் கட்டிப்போயிருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகளைக் குறைவாகவே பாடினார். பாடியவற்றிலும் வார்த்தைகளை மாற்றினார். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். தொண்டைக்கு ஓய்வு தராமல் கிளம்பியது அவர் தவறு. ரசிகர் மனசில் வைத்திருக்கும் வரியை மாற்றிப் பாடினால் அவருக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால், எட்டு வருஷம் முந்தைய ஆளாகவே வந்து நிற்கச் சொல்வதும் நியாயமில்லை.

அதன்பிறகு 17 வருஷம் டூரே கிடையாது. ஹென்லியில் வாங்கிய ஃப்ரையர் பார்க் மாளிகையின் தோட்டத்தில் செடி நட்டார், சினிமா தயாரித்தார், 1988-ல் ‘காட் மை மைண்ட் செட் ஆன் யூ’ மூலம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். டூர் மட்டும் போகவில்லை.

1991 டிசம்பரில் கிளாப்டன் வற்புறுத்தி, தன் இசைக்குழுவையே கூட அனுப்பிவைத்து, தானும் போனார். போன நாடு ஜப்பான். சொந்த வாசிப்பே காதுக்குச் சகிக்காமல் போன அதே நாடு. மொத்தம் 12 கச்சேரிகள். டிசம்பர் 1-ல் யோகோகாமாவில் ஜார்ஜ் முதல் பாட்டாக எடுத்தது ‘ஐ வான்ட் டு டெல் யூ’. ‘ரிவால்வர்’ ஆல்பத்தில் அவர் எழுதிய மூன்றில் ஒன்று, பீட்டில்ஸ் மேடையில் ஒருமுறைகூட ஏறாதது. மூன்றாவதாக ‘டேக்ஸ்மேன்’. ஐந்தாவதாக ‘இஃப் ஐ நீடட் சம்ஒன்’. மானிட்டர் இருந்தது, ஒத்திகை நடந்திருந்தது. 48 வயதுக்காரர் தன் 23 வயதுப் பாட்டுகளை ஒழுங்காக வாசித்தார். ‘லைவ் இன் ஜப்பான்’ ஆல்பத்தில் இதை இப்போதும் கேட்கலாம்.

1992 ஏப்ரல் 6-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு கச்சேரி. பிரிட்டனில் அவர் தனியாக நடத்திய ஒரே முழுக் கச்சேரி அதுதான். 1996-ல் ரவிசங்கரின் ‘சான்ட்ஸ் ஆஃப் இந்தியா’ ஆல்பத்தைத் தயாரிக்க சென்னை வரை வந்து ஒலிப்பதிவு செய்தார். 2001 நவம்பர் 29-ல் புற்றுநோயால் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தபோது வயது 58.

சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே ஆல்பர்ட் ஹாலில் நண்பர்கள் அஞ்சலி நிகழ்ச்சி நடத்தினார்கள். ரவிசங்கர் இதற்கென்றே இயற்றிய இசையை மகள் அனுஷ்கா வழிநடத்தினார். பால் வந்தார், ரிங்கோ வந்தார், மகன் தானி கிடாருடன் நின்றார். ராக் பகுதியை ஜெஃப் லின் தொடங்கியது ‘ஐ வான்ட் டு டெல் யூ’ பாட்டில். ‘டேக்ஸ்மேன்’ பாடியவர் டாம் பெட்டி. ‘இஃப் ஐ நீடட் சம்ஒன்’ கிளாப்டனுக்கு.